பிள்ளையின் பெயரில் ஒரு கேஸ்!

மாலை ஆறரை மணி. அடுப்பில் ரசம் நுரை கட்டும் நேரம். கூடத்தில் செல்போன் மணி அடிக்கிறது. ஓடிப்போய் எடுக்கிறீர்கள். பிள்ளையின் குரல்தான். ஆனால் தினமும் "டிபன் என்னம்மா?" என்று அதட்டுகிற குரல் அல்ல அது.

"அம்மா... நான் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறேன். நீ கொஞ்சம் வரியா?"

அவ்வளவுதான்! கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா இல்லையா, ஒன்றும் உங்களுக்கு நினைவிருக்காது.

பயப்படாதீர்கள். இது இந்த வாரத் தொடர்கதையின் அத்தியாயம் அல்ல. ஆனாலும் நகரத்தில் எந்த வீட்டிலும், எந்த மாலையிலும் நடக்கக்கூடிய சங்கதி. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துக்கள் நடந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்றும் மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் மாநிலங்களுக்குள்ளே முதலிடம் வகித்தது நம் தமிழ்நாடுதான், 64,105 விபத்துக்கள். எதில் முதலாவதாக வருவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

பெரும்பாலும் ஒரு விபத்துக்கு இரண்டு வீடுகள் உண்டு. அடிபட்டவர் வீடு ஒன்று. வண்டி ஓட்டியவர் வீடு ஒன்று. முதல் வீட்டை நினைத்து ஊரெல்லாம் பரிதாபப்படுகிறது. அதுதான் நியாயமும்கூட. ஆனால் இரண்டாவது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எவரும் சொல்லித் தருவதில்லை. அந்த வீடு உங்களுடையது என்று ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் இரண்டாவது வருஷம். லைசென்ஸ் இருக்கிறது. ஸ்கூட்டர் உங்கள் பெயரில் இருக்கிறது. மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று, ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டே கோயில் குளத்து முனையில் வேகமாகத் திரும்பியிருக்கிறான். தெருவோரம் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்த பூக்காரி மேல் வண்டி மோதிவிட்டது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பையன் ஸ்டேஷனில் இருக்கிறான். ஸ்கூட்டரும் அங்கேதான்.

இப்போது என்ன செய்வீர்கள்?

மூன்று புத்திமதிகள்

நீங்கள் எதையும் செய்வதற்கு முன்பே உங்கள் கூடத்தில் ஒரு சிறு சபை கூடிவிடும்.

மைத்துனர் முதலில் வருவார். "அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. வண்டியை நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன். சின்னப் பையன், அவன் எதிர்காலம் என்ன ஆகறது?" என்பார்.

எதிர் வீட்டுக்காரர், "ஒரு பத்தாயிரத்தை அந்தப் பூக்காரி கையிலே திணிச்சு, கேஸ் வேண்டாம்னு எழுதி வாங்கிடுங்கோ. தீர்ந்தது!" என்பார்.

மூன்றாவதாக, உலக அனுபவம் மிகுந்த ஒருவர் இருப்பார். "கோர்ட்டிலே போய்க் குற்றத்தை ஒப்புக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வந்துடு, தம்பி. ஒரு நாள் வேலை" என்பார்.

மூவருமே உங்கள் குடும்பத்தின் நன்மையை விரும்புகிறவர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று யோசனைகளையும் உற்றுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே அவசரம்! எப்படியாவது இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். பையன் எந்தக் குணத்தினால் ஸ்டேஷனுக்குப் போனானோ, அதே குணத்தைக் கொண்டே அவனை வெளியே இழுக்கப் பார்க்கிறோம். சாலையில் செய்த அவசரம் ஒரு கேஸோடு போகலாம். வீட்டில் செய்கிற அவசரம் ஒன்பது கேஸில் கொண்டு விடும்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

குதிரை வண்டிக் காலத்துச் சட்டம்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற சொற்றொடரைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! போலீஸ் ரிப்போர்ட்டுகளில் அது ஒரு மங்கள ஸ்லோகம் மாதிரி. அந்த வாசகத்தின் மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில். அப்போது மோட்டார் கார் என்ற வஸ்துவே கிடையாது. தெருவில் குதிரை வண்டியைத் தறிகெட்டு ஓட்டியவர்களுக்காக எழுதிய பிரிவு அது. எண் 279. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 279 இப்போது 281 ஆகியிருக்கிறது. எண் மாறியதே தவிர ஆறு மாதமும் ஆயிரம் ரூபாயும் அப்படியே இருக்கின்றன. 1860-இல் ஆயிரம் ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று உங்கள் கொள்ளுப்பாட்டியின் ஆவியைத்தான் கேட்க வேண்டும்!

ஆனால் யாருக்காவது காயம் பட்டால் விஷயம் இதோடு நிற்காது. 125-ஆவது பிரிவு சேரும். சாதாரணக் காயமானால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கொடுங்காயமானால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எலும்பு முறிந்தால் அது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். ஆகவே, "கைதானே, மாவுக் கட்டுப் போட்டால் சரியாய்ப் போகும்" என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் போய்விட்டாலோ, 106-ஆவது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

இவை தவிர மோட்டார் வாகனச் சட்டம் தனி. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் அதே குற்றமானால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-இல் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது, ஓட்டும்போது கையில் செல்போன் வைத்திருப்பது எல்லாம் அபாயகரமான ஓட்டத்தில் சேர்ந்தவை என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுத் தலை சுற்றுகிறதா? ஓர் ஆறுதல் உண்டு. 281, 125 ஆகிய இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அதாவது ஜாமீன் பெறுவது பையனின் உரிமை. யாருடைய தயவும் அல்ல. சிபாரிசுக்கு ஓடுவதை விட்டு, ஒரு நல்ல வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.

ஸ்டேஷனில் செய்ய வேண்டியவை

ஸ்டேஷன் வாசலில் போய் நின்று பையனைத் திட்டாதீர்கள். அதற்கு இன்னும் நிறைய நாட்கள் இருக்கின்றன. அங்கே அழவும் வேண்டாம். முதலில் பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உனக்கு அடி பட்டதா?" என்பது. அடுத்த கேள்வி, "அந்த அம்மாளை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாய்?" என்பது.

இரண்டாவது கேள்வி வெறும் தர்மத்துக்காக அல்ல, சட்டத்துக்காகவும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டியவருடைய கடமையாக வைத்திருக்கிறது. அருகே போலீஸார் இல்லையென்றால், கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், ஸ்டேஷனில் தெரிவிக்கவும் வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வருகிறதென்று ஓடிய பையன்கள் பலர் உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் ஒதுங்கிப் போகலாம். ஆனால் ஒதுங்கிப் போகிற இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருக்க வேண்டும். சித்தி வீட்டு மாடியாக இருக்கக் கூடாது. உங்கள் பிள்ளை ஸ்டேஷனிலிருந்து போன் செய்தான் அல்லவா? அது நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சப்-இன்ஸ்பெக்டர் உங்களைத்தான் கேட்பார்: "அம்மா, வண்டி உங்க பேர்லே இருக்கு. யார் ஓட்டினாங்க?"

மைத்துனர் உங்கள் பின்னால் நின்று தொண்டையைக் கனைப்பார். அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியின் சொந்தக்காரர், ஓட்டியவர் யார் என்ற விவரத்தைப் போலீஸார் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்பது 133-ஆவது பிரிவு. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய் விவரம் கொடுப்பதும், தடயத்தை மறைப்பதும் வேறு குற்றங்கள். பையன் செய்தது கவனக் குறைவு. நீங்களும் மைத்துனரும் செய்யப் போவதோ தெரிந்தே செய்கிற காரியம். இரண்டில் எது பெரிது என்று நீதிபதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளத்து முனையில் எந்தக் கடை வாசலில் எந்தக் காமிரா இருக்கிறதென்று மைத்துனருக்குத் தெரியுமா?

இன்னும் சில காரியங்களை நினைவில் வையுங்கள்.

முதல் தகவல் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். விசேஷமான சில வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. எந்தப் பிரிவில் கேஸ் என்று தெரியாமலே பயப்படுவது இருட்டைப் பார்த்துப் பயப்படுவது போல.

விசாரணையின்போது போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். தன்மீதே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நம் அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு. உண்மையைச் சொல்வது வேறு. பயத்தில் உளறுவது வேறு. வக்கீலைக் கலந்துகொண்டு பேசச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டரை உடனே மெக்கானிக்கிடம் விடாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக் சரியாக இருந்ததா, இயந்திரக் கோளாறு உண்டா என்று பார்த்து அறிக்கை கொடுப்பார். உண்மையிலேயே பிரேக் பழுதாகியிருந்தால் அந்த அறிக்கைதான் உங்கள் பிள்ளைக்கு ஆதாரம். அதேபோல் அவன் செல்போனிலிருந்து எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

போலீஸார் லைசென்ஸை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரு ரசீது தருவார்கள். பத்திரமாக வையுங்கள். லைசென்ஸ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கே பையனுடைய பேச்சைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்வார்கள். முதல் தடவையானால் மூன்று மாதம் வண்டி ஓட்டத் தடை விதிக்கலாம். மறுபடியும் நடந்தால் லைசென்ஸையே ரத்துச் செய்யலாம். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தால், "எதற்கு வம்பு?" என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் இருப்பது பையனல்ல, பெண் என்றால்? இப்போதெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டாத பெண் யார்? இதே சட்டம்தான் அவளுக்கும். ஆனால் சூரியன் அஸ்தமித்த பிறகும் உதயத்துக்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மிக அபூர்வமான சந்தர்ப்பத்தில், மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரியைக் கொண்டுதான் செய்யலாம்.

பூக்காரி வீட்டில்

எதிர் வீட்டுக்காரரின் பத்தாயிரம் ரூபாய் யோசனைக்கு வருவோம்.

பூக்காரி கைநாட்டு வைத்துக் கொடுத்தாலும் 281-ஆவது பிரிவு வழக்கு அதனால் மறைந்துவிடாது. தெருவில் நடக்கிற எல்லோருடைய பத்திரத்துக்காகவும் அரசு போடுகிற வழக்கு அது. தனி இருவர் ராஜியாகி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு படுத்திருப்பவளிடம் அன்றைக்கே எழுதி வாங்குவதைக் கோர்ட்டு எப்படிப் பார்க்கும் என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் போய்ப் பார்க்கவே கூடாதா? வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தாராளமாகப் போங்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போங்கள். அவள் கோபமாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டு முறிந்த பூக்காரியால் பூத் தொடுக்க முடியுமா? எத்தனை வாரம் அந்த வீட்டில் வருமானம் இராது? உங்கள் பிள்ளைக்கு ஒரு கேஸ் என்றால், அவளுக்கு அடுப்பே பிரச்னை.

அவளுக்குச் சட்டம் தருகிற வழிகள் உண்டு. அவற்றை நீங்களே அவளுக்குச் சொன்னால் என்ன? சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்கான திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்தது. பிறகு, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவள் நஷ்டஈடு கோரலாம். எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று வைத்திருப்பதே இதற்காகத்தான். பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். கேட்க வேண்டிய டெலிபோன் எண் 15100.

"எனக்கு எதிராக வழக்காட நானே வழி சொல்ல வேண்டுமா?" என்கிறீர்கள். தொகை கொடுக்கப்போவது இன்ஷூரன்ஸ் கம்பெனி, அம்மா! வண்டிக்கு இன்ஷூரன்ஸும் பையனுக்கு லைசென்ஸும் சரியாக இருந்தால் நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்திருந்தால்தான் வினை. கம்பெனி பூக்காரிக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பு வரலாம். சொந்தக்காரர் யார்? நீங்கள்தான்.

"ஒரு நாள் வேலை"யா?

மூன்றாவது புத்திமதி ஒன்று பாக்கியிருக்கிறது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்ததா?

பணம் கட்டுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பானால் அது ஒரு நாளோடு போவதில்லை. உத்தியோக விண்ணப்பத்திலே, "உம்மீது எப்போதாவது கிரிமினல் வழக்கு உண்டா? தண்டனை அடைந்ததுண்டா?" என்று ஒரு வரி இருக்கும். அதில் உண்மையை மறைத்தவர்களின் வேலை போன வழக்குகள் ஏராளம். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு இதை விரிவாக ஆராய்ந்தது. சின்ன வயதில் செய்த சில்லறைக் குற்றமானால் மேலதிகாரிகள் மன்னிக்கலாம். ஆனால் விண்ணப்பதாரர் கொடுக்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற எண்ணம் உண்டா? கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கும் வழி உண்டு. வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே மனுப் போட்டு, வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால், அந்தக் காலத்துக்குப் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993-இல் அரசு அறிவித்திருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதை வக்கீலின் அறையில், சாட்சியங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கோர்ட்டு வராந்தாவில் நின்று முடிவு செய்யாதீர்கள். வேகமாகப் போனான் என்பது மட்டும் அஜாக்கிரதைக்கு ருசுவாகாது என்று 1998-இல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எது வேகம், அந்த இடத்தில் அது ஏன் அபாயம் என்பதைச் சர்க்கார் தரப்பு ருசுப்படுத்த வேண்டும். பையன்மேல் தப்பில்லை என்றால் வழக்கை நடத்துவது அவன் உரிமை.

தப்பு உண்மையிலேயே அவன்மேல் என்றால்? செல்போனைக் கையில் வைத்திருந்தேன் என்று அவனே உங்களிடம் சொல்கிறான் என்றால்? அதற்கும் சட்டத்தில் ஒரு கருணை வாசல் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று உண்டு. முதல் தடவை தவறியவர்களைக் கண்டித்தோ, நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டோ விட்டுவிட நீதிபதிக்கு அது அதிகாரம் தருகிறது. 21 வயது நிரம்பாதவர்களைக் காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பவே கூடாது என்று அந்தச் சட்டம் நீதிபதிக்குச் சொல்கிறது. இந்த வயதைக் குற்றம் நடந்த தினத்தில் கணக்கிடுவதில்லை. கோர்ட்டு தண்டனையைப் பற்றி முடிவு செய்கிற தினத்தில்தான் கணக்கிடுகிறார்கள். வாய்தா வாங்கி வாங்கி இழுத்தடித்தால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். இப்படி நன்னடத்தையின்பேரில் விடப்பட்டால், தண்டனையினால் வரக்கூடிய தகுதியிழப்பும் வராது.

ஆனால் கேட்டால் கிடைத்துவிடும் என்று இராதீர்கள். அது நீதிபதியின் விருப்பம். உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் இந்தச் சலுகையைக் காட்டலாகாது என்று 2000-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகச் சொல்லியிருக்கிறது. அந்த வாசல் வரை போகிற பிள்ளை, வாய்தா தவறாமல் வந்தவனாக, பொய் சொல்லாதவனாக இருந்தால் நல்லது. மைத்துனருடைய பொய்யை நம்பி வந்தவன் அங்கே நின்று எந்த முகத்தோடு கருணை கேட்பான்?

பதினெட்டு நிரம்பாவிட்டால்

"என் பிள்ளைக்கு இப்போதுதான் பதினாறு. தெருக்கோடி வரைதான் ஓட்டுவான்" என்று சொல்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கியர் உள்ள வண்டியோ காரோ ஓட்டப் பதினெட்டு வயது ஆகவேண்டும். பதினாறு வயதில் லைசென்ஸோடு ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத சின்ன வண்டிக்கு மட்டும்தான்.

2019 திருத்தத்தில் 199-ஏ என்று ஒரு புதுப் பிரிவு வந்திருக்கிறது. சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி ஆவார்கள். மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவை 12 மாதம் ரத்துச் செய்வார்கள். பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்றால், அதை நீங்கள்தான் ருசுப்படுத்த வேண்டும்.

2024 மே மாதம் புனா நகரில் நடந்ததை நாடே பேசியது. பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளம் என்ஜினீயர்கள் இறந்தார்கள். பையனுக்கு உடனே ஜாமீன் கிடைத்தது. விபத்துக்களைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஊர் கொதித்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். டிரைவரைப் பழியேற்கச் சொன்னார்கள் என்றும், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த மாதிரியை மாற்றினார்கள் என்றும் போலீஸார் குற்றம் சாட்டினார்கள். குடும்பத்துப் பெரியவர்களும் டாக்டர்களும் கைதானார்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போனது ஒரே ஒரு பையன். பிறகு அந்த வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்!

உங்கள் கூடத்தில் மைத்துனர் சொன்ன யோசனை நினைவுக்கு வருகிறதா?

சாவி மாட்டுகிற ஆணி

ஜாமீனில் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். இரவு பதினொரு மணி. ரசம் ஆறிப்போய்விட்டது. அவன் சாப்பிட உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். வாய்க்குப் போகவில்லை.

"அம்மா, அந்த அம்மா கத்தினது காதுலயே இருக்கும்மா" என்கிறான்.

அப்போது, "போனால் போகிறது, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று சொல்லித் தேற்றாதீர்கள். "குடும்ப மானத்தையே வாங்கிட்டியேடா" என்று குத்தவும் வேண்டாம். "நாளைக்குக் காலையிலே ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீதான் அந்த அம்மாகிட்டே பேசணும். வக்கீல் சரின்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லுங்கள். தப்புக்கு முகம் கொடுக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளை மறுபடியும் கையில் போனோடு வளைவில் திரும்பமாட்டான். அந்தப் பாடத்தை எந்த மாஜிஸ்டிரேட்டாலும் கொடுக்க முடியாது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சாவியை சில மாதம் நீங்களே வைத்திருங்கள். வண்டி உங்கள் பெயரில் இருப்பதனால் அந்த அதிகாரமும் உங்களுக்கே இருக்கிறது. அவன் பஸ்ஸில் போகட்டும். தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடந்து போகிறவர்களின் முகம் தெரியும்.

இன்னொன்று. உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிற சமாசாரம்; கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை எழுந்ததிலிருந்து உங்கள் வீட்டில் "சீக்கிரம்" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். "சீக்கிரம் குளி." "சீக்கிரம் சாப்பிடு." "சீக்கிரம் கிளம்பு, பஸ் போயிடும்." பிள்ளை சாவியை எடுக்கும்போது வாசல்படியில் நின்று கடைசியாகச் சொல்வதும், "சீக்கிரம் வந்துடுடா!" என்பதுதான்.

அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்களேன். "மெதுவா வா. ரசம் ஆறினா சுட வெச்சுத் தரேன்."